அளக்காமல் வாங்கிய பெட்டி

2024ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில் ஓர் இரவு. இஷா தொழுகை முடிந்து, வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்த வேளை. கூடத்திலிருந்து பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஒலி கேட்டது. ஓடிச் சென்று பார்த்தபோது மகனுடைய கணினி அணைந்திருந்தது. அதன் பின்புறத் துளைகளிலிருந்து மெல்லிய புகை கசிந்துகொண்டிருந்தது. மீன் கருகியதைப் போன்ற ஒரு நாற்றம் கூடம் முழுவதும் பரவியிருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து நான்கடித் தொலைவில், கட்டிலில், நன்னி உறங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் முதலில் செய்தது, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியது. அடுத்துச் செய்தது, மகனைக் கடிந்துகொண்டது. “மெஷினை அதோட வேகத்துக்கு மேல ஓட்டினா இப்படித்தான் ஆகும். உன் விளையாட்டுக்கு நன்னியையும் சேர்த்துக் கொளுத்தப் பார்த்தியா?” என்று கேட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. தலை கவிழ்ந்து நின்றான். நன்னி விழித்துக்கொண்டு, “புள்ளையை ஏன் திட்டுறீங்க?” என்று கேட்டார். அதற்கும் எங்களிடமிருந்து சரியான பதில் வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கியது சரி. கடிந்துகொண்டது முழுக்க நியாயமில்லை என்பதை அறிந்துகொள்ள எங்களுக்கு நான்கு நாள்கள் பிடித்தன. வீட்டில் கணினி வாங்கவிருக்கும் பெற்றோருக்கு அந்த நான்கு நாள்களில் கற்றது பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறோம்.

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர்ச் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நீர் சூழ்ந்த பகுதி இது. மிக்ஜாமின்போது மின்சாரமின்றிக் கழிந்த இரவுகளுக்குப் பின்னர்தான் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினோம். அதற்கு அடுத்த மாதம், 2024 ஜனவரியில், மகனின் கணினி வந்தது.

அவன் வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாமாண்டு பயில்கிறான். பல ஆண்டுகளாகச் சேர்த்த பெருநாள் காசையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஈட்டியதையும் எங்கள் முன் வைத்தான். பாதிக்கும் குறைவான தொகை. மீதியை நாங்கள் தர இசைந்தோம். படிப்புக்கு என்றே அவன் கேட்டான். விளையாட்டுக்கும்தான் என்பது எங்களுக்குத் தெரியும். கணினி கூடத்தில், எல்லோர் கண் முன்பும் இருக்க வேண்டும் என்றும், தொழுகை நேரங்களில் அணைக்கப்பட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தோம். அவன் ஒப்புக்கொண்டான்; சொன்னபடி நடந்தும் வந்தான். பிள்ளை எதைப் பார்க்கிறான், எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்பதையெல்லாம் யோசித்த நாங்கள், அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் மின்தொடர் ஏறி, எழும்பூரில் இறங்கி, ஆட்டோவில் ரிச்சி தெருவுக்குச் சென்றோம். அண்ணா சாலைக்குப் பின்னே, நரசிங்கபுரம் தெருவோடு பின்னிக் கிடக்கும் அந்தக் கடைவீதியில் மின்னணுப் பொருள் எதுவாயினும் கிடைக்கும் என்பதைச் சென்னைவாசிகள் அறிவர். மகன் பட்டியலைத் தயாராக வைத்திருந்தான். செயலி, கோர் ஐ5 12600கே. கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ. அந்தச் செயலியின் பெயரில் வரும் ‘கே’ என்னும் எழுத்துக்கு, அதன் வேகத்தைப் பயனர் உயர்த்திக்கொள்ளலாம் என்று பொருள். தொழிற்சாலை நிர்ணயித்த வேகத்துக்கு மேலே செயலியை ஓட்டுவதைத்தான் பிள்ளைகள் ஓவர்கிளாக் என்கிறார்கள்.

பட்டியலின் கடைசி வரியில் பவர் சப்ளை இருந்தது. கடைக்காரர்கள் அதை எஸ்எம்பிஎஸ் என்பர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை வாங்கி, கணினியின் உறுப்புகளுக்கு உரிய 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது அதன் பணி. கடைக்காரர் சொன்னார்: “பாய், கார்டுக்கு முப்பதாயிரம் போடுறீங்க. சப்ளைக்கு யோசிக்காதீங்க. 650 வாட் நல்லதா ஒண்ணு போட்டுக்கலாம். ஆறாயிரம் வரும்.”

நாங்கள் யோசித்தோம். அதே கடையில் 600 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒன்று 1,500 ரூபாய்க்கு இருந்தது. வெறும் 50 வாட் கூடுதலுக்கு 4,500 ரூபாயா என்று கேட்டோம். உடன் வந்திருந்த சச்சா இன்னொன்றும் சொன்னார்: “பெரிய சப்ளை போட்டா கரண்ட் பில்லும் ஏறும்.” அது எங்களுக்கு நியாயமாகவே பட்டது. வீண்விரயத்தைத் தவிர்த்துவிட்டதாக மனநிறைவும் கொண்டோம். கடைக்காரர் இன்னொரு முறை எடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்டதையே கட்டிக் கொடுத்தார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அதைப் பார்த்தோம், என்னவென்று கேட்கவில்லை.

ரமலான் முடியும்வரை கணினிக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. பெருநாளுக்குப் பின், ஏப்ரல் மாத விடுமுறையில், மகன் செயலியின் வேகத்தை உயர்த்தினான். புதிய விளையாட்டு ஒன்றையும் நிறுவினான். வெயில் ஏறிற்று. அவ்வாண்டு மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. தெருவெங்கும் ஏசி ஓடும் இரவுகளில் விளக்குகள் மங்கித் தெளிவதை நாங்களும் கண்டோம். அத்தகைய ஓர் இரவில்தான் அந்தப் பெட்டி வெடித்தது.

இரண்டு நாள் கழித்து மீண்டும் ரிச்சி தெரு. பழுது பார்ப்பவர் ஒருவர், மாடிப்படிக்கு அடியில் சிறிய மேசை போட்டு அமர்ந்திருந்தார். லுஹர் தொழுதுவிட்டு வந்து எங்கள் சப்ளையைத் திறந்தார். முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். பின்னர் பக்கத்திலிருந்த வேறொன்றை எங்கள் கையில் கொடுத்தார். அதன் கனம் எங்களுடையதைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. உள்ளே கெபாசிட்டர் ஒன்று உப்பி, தலை பிளந்திருந்தது. “லேபிளைப் படிச்சீங்களா பாய்?” என்று கேட்டார். 600 வாட் என்றோம். “அது பெரிய எழுத்து. சின்ன எழுத்தைப் படிங்க” என்றார்.

பக்கவாட்டில் ஒரு சிறிய அட்டவணை. அதில் 12 வோல்ட் என்பதற்குக் கீழே 25 ஆம்பியர் என்றிருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12ஐ 25ஆல் பெருக்கினால் 300. இன்றைய கணினியில் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் தம் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் தடத்திலிருந்தே எடுக்கின்றன. எனவே 600 என்று எழுதிய அந்தப் பெட்டி எங்கள் பயனுக்கு 300 வாட் பெட்டி. அந்த 300ஐயும் கோடைக்காலத்தில் தொடர்ந்து தரும் என்பதற்கு உறுதியில்லை. கடைக்காரர் காட்டிய 650 வாட் சப்ளையின் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 54 ஆம்பியர் இருந்தது. பெருக்கினால் 648. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒத்துப்போயின. நாங்கள் 50 வாட் வேறுபாடு என்று கருதியது உண்மையில் 348 வாட் வேறுபாடு.

தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசு முத்திரை உண்டு. காய்கறிக் கடையில் முத்திரை இல்லாத எடைக்கல்லைக் கண்டால் கேள்வி கேட்போம். திருக்குர்ஆனின் ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் அளவையில் குறைப்போர் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு மதரஸாவிலேயே சொல்லித்தருகிறோம். 300ஐ 600 என்று அச்சிடுவதும் அளவு மோசடிதான். ஆனால் எங்களை ஏய்த்த அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே உண்மையான எண்ணும் அச்சிடப்பட்டிருந்தது. நாங்கள் அதைப் படிக்கவில்லை. படித்தறிந்த ஒருவர் சொன்னதையும் கேட்கவில்லை.

பிறகு அவர் எங்கள் கணினியின் தேவையைக் கூட்டிக் காட்டினார். அந்தக் கணக்கை இங்கே தருகிறோம். உறுப்புகளின் பெயர் மாறினாலும் கூட்டும் முறை மாறாது.

கிராபிக்ஸ் கார்டு 200 வாட். செயலி, முழுச் சுமையில், 150 வாட். மதர்போர்டு, நினைவகம், சேமிப்பகம், மின்விசிறிகள் எல்லாவற்றுக்குமாக ஒரு 60 வாட். ஆகமொத்தம் 410. இது தொழிற்சாலை வேகத்துக்கான கணக்கு. வேகத்தை உயர்த்தினால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

செயலியின் மின்தேவை வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். அதோடு, உயர்ந்த வேகத்தில் தடுமாறாமல் ஓட அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். அந்த மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மின்தேவை ஏறும். வேகத்தைப் பத்து விழுக்காடும், மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடும் உயர்த்தினால், 1.1ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1.33. பத்து விழுக்காடு வேகத்துக்கு முப்பத்து மூன்று விழுக்காடு கூடுதல் மின்சாரம். 150 வாட் செயலி 200 வாட் கேட்கும். கார்டையும் சிறிது உயர்த்தினால் 220. மற்றவை 60. மொத்தம் 480 வாட். இதைத்தான் 300 வாட் பெட்டியிடம் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

480 தேவையென்றால் 500 வாட் சப்ளை போதுமா என்று கேட்டோம். போதாது என்றார். கிராபிக்ஸ் கார்டு தன் சராசரித் தேவையில் சீராக நிற்பதில்லை. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு அது தன் அளவைப்போல் இரு மடங்கு வரை இழுத்துவிட்டு இறங்கும். அந்த நொடிப்பொழுது எழுச்சியைத் தாங்காத சப்ளை, காரணமே தெரியாமல் கணினியை அணைத்துவிடும். 2022இல் வெளிவந்த ஏடிஎக்ஸ் 3.0 என்னும் அளவுகோல் இதற்காகவே ஒரு விதியைச் சேர்த்தது. புதிய வகைக் கார்டு இணைப்புக் கொண்ட, 450 வாட்டுக்கு மேற்பட்ட சப்ளைகள், நூறு மைக்ரோவிநாடிக்குத் தம் அளவைப்போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்பது அந்த விதி. எங்கள் கார்டைத் தயாரித்த நிறுவனமும் குறைந்தது 600 வாட் சப்ளை வேண்டும் என்று தன் குறிப்பேட்டிலேயே சொல்லியிருந்தது. கூட்டி வந்த தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் பொதுவாகச் சரியாக இருக்கும் என்பது அவருடைய கணக்கு. 480உடன் 160ஐக் கூட்டினால் 640. ஆகவே 650.

அப்படியானால் ஒரேயடியாக 1000 வாட் வாங்கிவிடலாமே என்று கேட்டோம். “எதுக்கு பாய்? இந்த மெஷினுக்கு அது வீண் செலவு” என்றார். தேவைக்கு மேற்பட்ட பணம் போகுமே தவிர, வேறு பயனில்லை. அந்தப் பேச்சில்தான் சச்சாவின் மின்கட்டணக் கணக்கும் தவறென்று தெரிந்தது. சப்ளையின் மேல் எழுதிய வாட் அதனால் தர இயலும் உச்ச அளவு. அது எப்போதும் இழுக்கும் அளவன்று. கணினி 400 வாட் கேட்டால் 650 வாட் சப்ளையும் 400தான் கொடுக்கும்.

கட்டணத்தை ஏற்றுவது சப்ளையின் திறன் குறைவு. மாற்றும்போது ஒரு பங்கு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. 90 விழுக்காடு திறனுள்ள சப்ளை 400 வாட் கொடுக்க, சுவரிலிருந்து 444 வாட் எடுக்கும். 75 விழுக்காடு திறனுள்ளது 533 வாட் எடுக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் முன்னதற்கு ஏறத்தாழ 107 யூனிட், பின்னதற்கு 128 யூனிட். 2024இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லாமல் இருந்தது. அந்தச் சலுகை முழுவதையும் மகனின் நான்கு மணி நேரமே தின்றுவிடுகிறது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். வீட்டில் அது வேறொரு பேச்சுக்கு இடமளித்தது. நான்கு மணி நேரம் இரண்டானது. அது தனிக்கதை.

திறனை அறிய ‘80 பிளஸ்’ என்னும் முத்திரை 2004 முதல் வழக்கில் உள்ளது. 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு திறன் இருந்தால் அடிப்படை முத்திரை கிடைக்கும். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் ஏறும். தங்க முத்திரைக்கு அரைச் சுமையில் 90 விழுக்காடாவது இருக்க வேண்டும். ஆனால் முத்திரை திறனை மட்டுமே சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. மின்னழுத்தம் எல்லை மீறினால், சுமை மிகுந்தால், குறுக்குச்சுற்று ஏற்பட்டால், வெப்பம் ஏறினால் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடுகள் உள்ளனவா என்று அட்டைப்பெட்டியில் தனியே பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையையும் பார்க்க வேண்டும். எங்கள் பழைய பெட்டியில் அந்தக் காவல்கள் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் அது புகையாமல் அணைந்திருக்கும்.

சென்னையின் வெப்பமும் கணக்கில் சேர வேண்டும். நல்ல சப்ளைகளின் வாட் அளவை 40 அல்லது 50 டிகிரி வெப்பத்தில் நிர்ணயிக்கிறார்கள். மலிவானவற்றுக்கு 25 டிகிரியில் அளந்து எழுதுவதுண்டு. மே மாதத்துத் தாம்பரத்தில் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? கெபாசிட்டர்களில் 85 டிகிரிக்கு உரியவையும் 105 டிகிரிக்கு உரியவையும் உண்டு. வெப்பம் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சுவரில் மின்னழுத்தம் தாழும்போது சப்ளை அதே வாட்டைக் கொடுக்க அதிக ஆம்பியரை இழுக்கிறது. அதனால் மேலும் சூடாகிறது. விளக்கு மங்கிய அந்த இரவில், ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமந்துகொண்டிருந்த பெட்டிக்கு அந்தக் கூடுதல் சூடே போதுமானதாயிற்று.

சப்ளையோடு மதர்போர்டும் போயிருந்தது. அதற்கு 16,000 ரூபாய். 4,500 ரூபாயை மிச்சம் பிடித்ததன் விலை அது. கார்டும் செயலியும் தப்பின, அல்ஹம்துலில்லாஹ்.

புதிய 650 வாட் சப்ளையோடு வீடு திரும்பினோம். அதைப் பொருத்துமுன் மின்பணியாளர் ஒருவரை அழைத்து, கூடத்து பிளக் பாயிண்டைச் சோதிக்கச் சொன்னோம். இதற்கு நன்னி சொன்ன ஒரு சொல்லே காரணம். சில வாரங்களாகவே அவர், “இந்தப் பெட்டி கையைக் கடிக்குதுப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டிருந்தோம். மின்பணியாளர் தம் சோதனை விளக்கை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தார். விளக்கு எரியவில்லை. மூன்றாவது துளை சுவரில் இருந்தது. அதற்குப் பின்னால் எர்த் கம்பி இணைக்கப்படவில்லை. சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, எர்த் இல்லாதபோது, கணினியின் உலோக உடலுக்கு மெல்லிய மின்கசிவைக் கொடுக்கும். நன்னியின் விரல் உணர்ந்தது அதைத்தான். அந்தக் கம்பியை இணைக்க அரை மணி நேரமும் 400 ரூபாயும் ஆயின. எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் மூன்று துளைப் பாயிண்ட் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக நம்பி வாழ்கிறார்கள். கணினி வாங்காவிட்டாலும், இதை ஒரு முறை மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டரையும் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இந்தக் கணினியை ஓட்டலாம் என்று எண்ணியிருந்தோம். மின்சாரம் நின்ற பிறகு சப்ளை தன் சேமிப்பிலிருந்து தாங்கக்கூடிய நேரம் 16 அல்லது 17 மில்லிவிநாடியே. சில இன்வெர்ட்டர்கள் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன. மேலும் நல்ல சப்ளைகளில் இருக்கும் மின்திருத்த அமைப்பு, சதுர அலை இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடுவதுண்டு. சைன் அலை தரும் யுபிஎஸ் ஏற்றது. அதிலும் எண்ணைக் கவனிக்க வேண்டும். 1000 விஏ என்று எழுதிய யுபிஎஸ் பெரும்பாலும் 600 வாட்டே தரும். அதுவும் சில நிமிடங்களுக்கு. விளையாடுவதற்கு அது போதாது; வேலையைச் சேமித்து முறையாக அணைப்பதற்குப் போதும். இம்முறை பெரிய எழுத்தைப் பார்த்ததும் சிறிய எழுத்தைத் தேடினோம்.

நான்காம் நாள் மாலை, கணினி மேசையை ஒழுங்குபடுத்தும்போது மகனுடைய ஒரு குறிப்பேடு கிடைத்தது. முதல் பக்கத்தில் ஜனவரி மாதத் தேதி. உறுப்புகளின் பட்டியல், அவற்றுக்கு நேரே வாட் அளவு, கீழே கூட்டுத்தொகை. ரிச்சி தெருக்காரர் எங்களுக்குச் சொல்லித்தந்த அதே கணக்கு. அடியில் 650 என்று எழுதி வட்டமிட்டிருந்தான். முதல் நாள் கடையில் வாயெடுத்து நிறுத்தியது இதைச் சொல்லத்தான்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவனை அழைத்து, குறிப்பேட்டை முன்னால் வைத்தோம். அன்றிரவு சொன்ன சொல்லுக்கு வருந்துகிறோம் என்றும், சப்ளையில் கை வைத்தவர்கள் நாங்கள்தான் என்றும் கூறினோம். பிள்ளையிடம் அப்படிச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவன் நெடுநேரம் பேசாமலிருந்தான். பின்பு, “இல்லத்தா, என் மேலயும் தப்பு இருக்கு. அந்த 600 பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சொன்னா, ‘அப்போ கம்ப்யூட்டரே வேண்டாம்’னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன். தெரிஞ்சும் ஸ்பீடை ஏத்தினேன். நன்னி பக்கத்துல படுத்திருக்காங்கன்னு யோசிக்கல” என்றான். அதைச் சொல்லும்போது அவனுடைய குரல் உடைந்துவிட்டது. அவன் அம்மாவின் கண்களும் கலங்கின.

16,000 ரூபாய் இழப்பைவிட அந்த விடைதான் எங்களை அதிகம் வருத்தியது. கடைக்காரரிடம் கேள்வி கேட்கவும் கடிந்துகொள்ளவும் எங்களுக்குத் தெரியும். சரியான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளை எங்களிடம் அதைச் சொல்ல அஞ்சியிருக்கிறான். பிள்ளை எங்களிடம் முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவன் சொல்லத் தொடங்கும்போது கேட்கும் பொறுமையை மட்டும் குறைவாகவே அளந்து கொடுத்திருக்கிறோம். அது எந்த லேபிளிலும் எழுதப்படாத அளவு. ஆயினும் அதுவும் குறைத்து அளந்ததுதான்.

இப்போது கோடைக்காலத்தில் அவன் தானாகவே செயலியின் வேகத்தைத் தொழிற்சாலை அளவுக்கு இறக்கிவைக்கிறான். வெயில் தணிந்த பிறகு உயர்த்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். நாங்கள் தடை சொல்லவில்லை. பெட்டி, கட்டிலிலிருந்து விலகி, காற்றோட்டமான மூலைக்கு மாறியிருக்கிறது. நன்னி அவ்வப்போது போய் அதைத் தொட்டுப் பார்த்து, “இப்போ கடிக்கல” என்று சொல்லிவிட்டு வருகிறார்.

பிள்ளைகளுக்குக் கணினி வாங்கவிருக்கும் பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இது. கடையில் அந்த மின்பெட்டியைக் கையில் வாங்கிப் பக்கவாட்டைத் திருப்புங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள், பன்னிரண்டால் பெருக்குங்கள். பெரிய எழுத்தில் உள்ள எண்ணை அது நெருங்கவில்லையெனில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், அருகில் நிற்கும் பிள்ளையிடம் “நீ என்ன நினைக்கிறாய்?” என்றும் கேட்டுவிடுங்கள். அவனிடம் ஒரு கணக்கு இருக்கக்கூடும்.